இல்லை வேற, எடுக்கலை வேற

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலை காட்டவே முடியலை. இன்னிக்கு எழுதப் போறதும் பொட்டி தட்டுற மேட்டர்தான். ஜாவா, டேட்டாபேஸ்னாலே அலர்ஜி ஆகிறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க. ஆனா அலர்ஜிதான் இன்னிக்கு மேட்டரே, அதனால முடிஞ்சா இருங்க.

முதல்ல ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன்.

சின்ன வயசுல எங்கம்மா என்னை அண்ணாச்சி கடைக்கு அனுப்புவாங்க. கால் கிலோ சர்க்கரை. வாங்கிட்டு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள, "டேய், டீத்தூள் சொல்ல மறந்துட்டேன்"ம்பாங்க. திரும்ப ஓடணும். அது முடிஞ்சதும் கடுகு. ஒரு சாயங்காலத்துக்கு நாலு நடை. அப்பா ஒரு நாள் கடுப்பாகி, "எல்லாத்தையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்து ஒரே தடவையா அனுப்பு"ன்னார். அன்னியிலேர்ந்து ஒரே நடை. எனக்கு ஜாலி.

இதுல ஒரு சின்ன திருட்டுத்தனம் உண்டு. சீட்டுல இருக்கிற எதையாவது கேட்க மறந்துட்டு வந்துடுவேன். "கடுகு எங்கடா?"ன்னு அம்மா கேட்டா, திரும்ப நடக்கச் சோம்பல்பட்டு, "கடையில இல்லையாம்மா"ன்னுடுவேன். கடையில மூட்டை மூட்டையா கடுகு இருக்கும். நான் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். அம்மாவும் நம்பிடுவாங்க. அன்னிக்குக் கடுகு தாளிக்காத ரசம்.

இந்த ரெண்டு விஷயத்தையும் ஞாபகம் வச்சுக்கோங்க. நாலு நடை, ஒரு பொய். இனி மேட்டருக்கு வருவோம்.

*

நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுற கூட்டத்துல ஒருத்தன். நாங்க ஒரு சின்ன கும்பல், ஆஸ்பத்திரி மருந்தகங்களுக்கு சாஃப்ட்வேர் பண்றோம். டைப்ஸ்கிரிப்ட், பின்னாடி போஸ்ட்கிரெஸ். கொங்கு பக்கம் ஒரு ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி, அங்க மருந்து குடுக்கிற ஸ்க்ரீன் ஆமை வேகத்துல திறக்குதுன்னு புகார். டேமேஜர் என்கிட்ட தள்ளிட்டார்.

பார்த்தா பழைய கதை. க்யூவில 50 பேஷண்ட் இருந்தா, அந்த லிஸ்ட்டுக்கு 1 க்வெரி. ஒவ்வொருத்தரோட சீட்டுல என்ன என்ன மருந்துன்னு 50 க்வெரி. சீட்டுக்கு சராசரியா 6 மருந்து, ஒவ்வொரு மருந்தோட விவரத்துக்கும் தனித்தனியா போனா 300. ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் என்ன அலர்ஜின்னு இன்னொரு 50. ஆக மொத்தம் 401. ஒரு நடைக்கு 10 மில்லி செகண்டுன்னு வச்சாலும் 4 செகண்ட் ஆச்சு. இதைத்தான் எங்க ஆளுங்க 'என் பிளஸ் ஒன்' பிரச்சினைன்னு சொல்லுவாங்க. எங்கம்மாவோட சர்க்கரை, டீத்தூள், கடுகு கதையேதான். தேவைப்படும்போது தேவைப்படும்போது போய் எடுக்கிறது லேஸி லோடிங். சீட்டு எழுதி ஒரே நடையில எடுக்கிறது ஈகர் லோடிங்.

நானும் சீட்டு எழுதினேன். பேஷண்ட், மருந்து வரிகள், மருந்து விவரம். மூணே க்வெரி. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஸ்க்ரீன் வந்துச்சு. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல டேமேஜர் எல்லார் முன்னாடியும் பாராட்டினார். காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்த மருந்தகத்து அக்கா போன் பண்ணினாங்க.

"ஏனுங் தம்பி, இந்தம்மாளுக்கு பெனிசிலின் ஆகாதுன்னு போன மாசமே நாந்தானுங்க ஏத்தி வெச்சேன். இப்பப் பாத்தா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குதுங்க. அழிஞ்சு போச்சுங்களா?"

அழியலை. டேபிள்ல பத்திரமா இருந்துச்சு. நான் எழுதின சீட்டுல அலர்ஜி மட்டும் விட்டுப் போச்சு. அவ்வளவுதான் நடந்தது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. ஸ்க்ரீன் வெடிக்கலை. எரர் வரலை. "அலர்ஜி எதுவும் இல்லை"ன்னு சமர்த்தா காட்டிச்சு. "கடையில இல்லையாம்மா."

அந்த அக்காவுக்கு ஞாபகம் இருந்ததால அந்தம்மா தப்பிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி நானும் டேமேஜரும் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமையிலேர்ந்து குடுத்த ஒவ்வொரு மருந்தையும் ஒவ்வொரு பேஷண்ட்டோட அலர்ஜியோடவும் ஒத்துப் பார்த்தோம். விடிய நாலு மணி ஆச்சு. எதுவும் மோதலை. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

*

மறுநாள் தூங்கி எழுந்து, இது எப்படி நடந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன்.

முதல் குற்றவாளி, நாங்க உபயோகிச்ச ஓஆர்எம் லைப்ரரியோட டைப். பேஷண்ட் கிளாஸ்ல 'அலர்ஜி: அலர்ஜிகளின் லிஸ்ட்'னு எழுதியிருக்கும். அதை எடுத்தீங்களா இல்லையாங்கிறது பத்தி டைப்புக்குக் கவலையே கிடையாது. எடுத்தாலும் லிஸ்ட்டும்பான், எடுக்கலைன்னாலும் லிஸ்ட்டும்பான். ஓடும்போது பார்த்தா உள்ள ஒண்ணுமே இருக்காது. அதாவது டைப்பே பொய் சொல்லுது. கம்பைலர் பாவம், அதை நம்பிடுச்சு.

ரெண்டாவது குற்றவாளி, ஸ்க்ரீன்ல இருந்த ஒரே ஒரு வரி. 'அலர்ஜி இருந்தா அது, இல்லேன்னா காலி லிஸ்ட்'. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வச்சது. யாருன்னு ஹிஸ்டரியில போய்ப் பார்த்தா, ஹி ஹி, அடியேன்தான். ஆறு மாசம் முன்னாடி இன்னொரு இடத்துல க்ராஷ் ஆச்சுன்னு வாயை அடைக்கப் போட்ட வரி. டைப் பொய் சொல்லுதுன்னு அன்னிக்கே என்கிட்ட ஆதாரம் இருந்துச்சு. நான் அதுக்கு மேல துணியைப் போட்டு மூடிட்டேன்.

"டெஸ்ட் எழுதலையா?"ன்னு கேப்பீங்க. எழுதியிருந்தோம் சாமி. பெனிசிலின் அலர்ஜி இருக்கிற டம்மி பேஷண்ட்டை டெஸ்ட்லேயே கையால உருவாக்கி, எச்சரிக்கை வருதான்னு பார்க்கிற டெஸ்ட். பச்சை பச்சையா பாஸ் ஆச்சு. ஏன்னா அந்த டம்மி ஆளுக்கு அலர்ஜியை நானே நிரப்பி விட்டிருந்தேன். டேட்டாபேஸ்லேர்ந்து வர்ற ஆளுக்கு யாரும் நிரப்பலை.

இதுல எனக்கு உறைச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இதுதான் நான் சொல்ல வந்ததே. லேஸி லோடிங்ல மறதிக்கு விலை நேரம். எதையாவது சீட்டுல எழுத மறந்தா ஸ்க்ரீன் மெதுவா வரும், ஆனா சரியா வரும். ஈகர் லோடிங்ல மறதிக்கு விலை உண்மை. ஸ்க்ரீன் வேகமா வரும், தப்பா வரும். எல்லாரும் 'லேஸி கெட்டது, ஈகர் நல்லது'ன்னு பாடம் எடுக்கிறாங்க. நான் அந்த வெள்ளிக்கிழமை பண்ணினது, மெதுவான உண்மையைக் குடுத்துட்டு வேகமான பொய்யை வாங்கினது. வேகம்தான் கண்ணுக்குத் தெரியும், மீட்டிங்ல கைதட்டு கிடைக்கும்.

வேகமும் வேணும் உண்மையும் வேணும்னா, மறதிக்கு மூணாவதா ஒரு விலை வைக்கணும். மறந்தா கம்பைல் ஆகக்கூடாது. அது ஒண்ணுதான் சல்லிசான விலை.

*

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்ச புது வியாதி இல்லை. ஜாவா உலகத்துல 2001ல வந்த ஹைபர்நேட் காலத்துலேர்ந்து இருக்கு. அதுல செஷனை மூடின அப்புறம் எடுக்காத ஒண்ணைத் தொட்டா 'லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸப்ஷன்'னு மூஞ்சியில அடிக்கும். காலேஜ் ப்ராஜெக்ட்ல அதைத் திட்டாத நாளே கிடையாது. இப்ப நினைச்சா அது நேர்மையான ஆளு. "இல்லை"ன்னு பொய் சொல்லலை, "எடுக்கலை"ன்னு உண்மையைச் சொல்லிச்சு.

அப்புறம் வந்தவங்களும் அதே வழியில போனாங்க. ரூபி ஆன் ரெயில்ஸ்ல 2020 டிசம்பர்ல வந்த 6.1ல 'ஸ்ட்ரிக்ட் லோடிங்'னு ஒண்ணு சேர்த்தாங்க. சீட்டுல எழுதாததைத் தொட்டா எரர். லாராவெல்ல 2021ல லேஸி லோடிங்கையே தடுக்கிற ஒரு சுவிட்ச் வந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா இதெல்லாம் ஓடும்போது கத்துறது. அந்த ஸ்க்ரீனை அந்த வழியா யாராவது ஓட்டினாத்தான் கத்தும்.

எழுதும்போதே கத்துற கூட்டம் ஒண்ணு இருக்கு. ரஸ்ட்ல டீசல்னு ஒரு லைப்ரரி. அதுல லேஸி லோடிங்கே கிடையாது. அப்பா டேபிளைத் தனியா எடு, பிள்ளை டேபிளைத் தனியா எடு, நீயே சேர்த்துக்கோன்னுடும். பேஷண்ட் ஸ்ட்ரக்ட்ல அலர்ஜிங்கிற ஃபீல்டே இருக்காது. டைப்ஸ்கிரிப்ட்ல ப்ரிஸ்மா, 'இதையும் சேர்த்து எடு'ன்னு நாம குடுக்கிற சீட்டைப் பார்த்து, வர்ற பதிலோட டைப்பையே மாத்தும். கேட்காத ஃபீல்டு டைப்புலேயும் இருக்காது. அதைத் தொட்டா எடிட்டர்லேயே சிவப்புக் கோடு. இதுதான் எனக்கு வேணும்னு தோணிச்சு. ஆனா ஓடிக்கிட்டு இருக்கிற ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல அஸ்திவாரத்தைத் தோண்டி மாத்த முடியாது. சரி, இருக்கிறதுக்கு மேல நாமளே ஒரு ஹெல்பர் எழுதிடுவோம்னு இறங்கினேன்.

*

முதல் தடவை பேராசைப்பட்டேன். 'சீட்டு புள்ளி வரி புள்ளி மருந்து புள்ளி கம்பெனி'ன்னு ஒரு ஸ்ட்ரிங் குடுத்தா போதும், அதை டைப்பே உடைச்சுப் படிச்சு, எத்தனை ஆழம் போனாலும் பதிலோட டைப்பைத் தானே கட்டிடணும். 2018ல வந்த கண்டிஷனல் டைப், 2020ல 4.1ல வந்த டெம்ப்ளேட் லிட்டரல் டைப் ரெண்டும் இருந்தா இதெல்லாம் முடியும். ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து எழுதி முடிச்சேன். எனக்கே என்னைப் பார்த்து புல்லரிச்சுது.

நாலாவது நாள் கம்பைலர், 'டைப் ரொம்ப ஆழமாப் போகுது, முடிவே இல்லாம போகும்போல இருக்கு'ன்னு கையை விரிச்சுது. எடிட்டர்ல ஒரு எழுத்து அடிச்சா மூணு செகண்ட் யோசிக்கும். ஒரு ஃபீல்டு பேரைத் தப்பா அடிச்சா ஒரு முழ நீளத்துக்கு எரர் மெசேஜ். எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் அதைப் பார்த்துட்டு என்ன பண்ணினான் தெரியுமா? 'எனி'ன்னு போட்டு மொத்தத்தையும் வாயடைச்சுட்டான். கேட்டா, "அண்ணே, எனக்கு அது என்ன சொல்லுதுன்னே புரியலைண்ணே"ன்னான்.

அவன் மேல தப்பே இல்லை. படிக்க முடியாத பாதுகாப்பைத் தாண்டித்தான் குதிப்பாங்க. ஆறு மாசம் முன்னாடி நான் போட்ட 'இல்லேன்னா காலி லிஸ்ட்'டும் இதே ஜாதிதானே. ரெண்டு வார உழைப்பைத் தூக்கிக் குப்பையில போட்டேன்.

ரெண்டாவது தடவை எழுதினது மொத்தமே நாற்பது வரி. ஒரே ஃபங்ஷன். அதுக்கு என்ன குடுக்கணும்னா: அப்பாக்களோட லிஸ்ட், புதுசா சேர்க்கப் போற ஃபீல்டோட பேர், அப்பாகிட்டேர்ந்து சாவியை எடுக்கிற வழி, பிள்ளைகிட்டேர்ந்து சாவியை எடுக்கிற வழி, சாவிகளைக் குடுத்தா பிள்ளைகளை மொத்தமா எடுத்துட்டு வர்ற ஒரு ஃபங்ஷன். அது எல்லா சாவியையும் ஒண்ணா சேர்த்து ஒரே க்வெரி போடும், வந்த பிள்ளைகளைச் சாவி வாரியா அடுக்கும், அவங்கவங்க அப்பாகிட்ட ஒப்படைக்கும். திரும்பி வர்ற டைப், 'உள்ள போன அப்பா, கூடவே இந்தப் பேர்ல பிள்ளைகளோட லிஸ்ட்'. அவ்வளவுதான். அதுக்கு மேல டைப்புல எந்த வித்தையும் கிடையாது.

ஆழமா போகணும்னா? பிள்ளையை எடுத்துட்டு வர்ற ஃபங்ஷனுக்குள்ளேயே இதே ஹெல்பரைக் கூப்பிடுங்க. மருந்து வரிகளை எடுக்கிற ஃபங்ஷன், வரும்போதே மருந்து விவரத்தையும் சேர்த்துக்கிட்டு வரும். டிபன் கேரியர் மாதிரி ஒரு அடுக்குக்கு மேல ஒரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு க்வெரி. 50 பேஷண்ட்டோ 500 பேஷண்ட்டோ, நாலு அடுக்குன்னா நாலே க்வெரி. எரர் வந்தாலும் எந்த அடுக்குல இடிக்குதோ அந்த அடுக்கைப் பத்தி மட்டும்தான் பேசும். அந்தப் புதுப் பையன் படிச்சுட்டு, "இது புரியுதுண்ணே"ன்னான். அதுதான் எனக்கு ஆஸ்கர்.

நிஜமான பலன் ஹெல்பர்ல இல்லை, அதுக்கு அந்தப் பக்கம் இருக்கு. முன்னாடி எச்சரிக்கை பார்க்கிற ஃபங்ஷன் 'பேஷண்ட்டைக் குடு'ன்னு கேட்டுச்சு. இப்ப 'அலர்ஜி எடுத்த பேஷண்ட்டைக் குடு'ன்னு கேட்குது. வெறும் பேஷண்ட் டைப்புல அலர்ஜிங்கிற பேச்சே கிடையாது. எடுக்காம கொண்டு போய்க் குடுத்தா கம்பைல் ஆகாது. அந்த 'இல்லேன்னா காலி லிஸ்ட்' வரியையும் எடுத்துட்டேன், அதுக்கு வேலையே இல்லை. இப்ப மூணு நிலைமைக்கும் மூணு முகம். ஃபீல்டே இல்லைன்னா எடுக்கலை. ஃபீல்டு இருந்து லிஸ்ட் காலின்னா, கேட்டோம், நிஜமாவே இல்லை. லிஸ்ட்ல ஆள் இருந்தா, இருக்கு. ஒருத்தர் மட்டும் வர்ற உறவுலேயும் அப்படித்தான், உதாரணமா பேஷண்ட்டோட டாக்டர். கேட்டும் இல்லைன்னா அதுக்கு 'நல்'. 'அன்டிஃபைன்டு'க்கு எங்க வீட்டுல இடமில்லை.

*

நாற்பது வரின்னு சொன்னாலும் உள்ள சில குழிகள் உண்டு. விழுந்து எழுந்ததால சொல்றேன்.

ஒண்ணு, சாவியோட டைப். போஸ்ட்கிரெஸ்ல 'பிக் இன்ட்'னு இருக்கிற காலத்தை நோடோட வழக்கமான டிரைவர் ஸ்ட்ரிங்காத்தான் குடுக்கும். ஒரு டேபிள்ல பிக் இன்ட், இன்னொண்ணுல சாதா இன்ட்ன்னா, அப்பாகிட்ட ஸ்ட்ரிங் 17, பிள்ளைகிட்ட நம்பர் 17. மேப்ல தேடினா ரெண்டும் வேற வேற. ஒரு பிள்ளையும் எந்த அப்பாகிட்டேயும் சேராது. எரர் வராது, எல்லா லிஸ்ட்டும் காலியா நிக்கும். மறுபடியும் அதே பொய்! அதனால ரெண்டு சாவிக்கும் ஒரே டைப்புன்னு ஹெல்பர்லேயே கட்டாயமாக்கிட்டேன்.

ரெண்டு, ஒவ்வொரு சாவியையும் தனித்தனி பாராமீட்டரா அனுப்பாதீங்க. போஸ்ட்கிரெஸ்ல ஒரு க்வெரிக்கு 65,535 தான் உச்சம். மொத்த லிஸ்ட்டையும் ஒரே அர்ரேயா ஒரே பாராமீட்டர்ல அனுப்பினா அந்தத் தொல்லை இல்லை. அப்பா லிஸ்ட்டே காலின்னா க்வெரி போடவே வேண்டாம்.

மூணு, நாலு க்வெரின்னா நாலு வேற வேற நொடி. போஸ்ட்கிரெஸ்ல வழக்கமான ரீட் கமிட்டட்ல ஒவ்வொரு க்வெரியும் அந்தந்த நேரத்து நிலைமையைப் பார்க்கும். நடுவுல யாராவது மாத்தினா அப்பா பழசு, பிள்ளை புதுசுன்னு ஆகலாம். முக்கியமான இடத்துல ரிப்பீட்டபிள் ரீட் ட்ரான்சாக்ஷன்ல போட்டுடுங்க.

"எதுக்குடா நாலு க்வெரி? ஒரே ஜாயின்ல முடிச்சுடலாமே"ன்னு எங்க சீனியர் ஒருத்தர் கேட்டார். ஒரு பேஷண்ட்டுக்கு 12 மருந்து வரி, 5 அலர்ஜின்னு வைங்க. ரெண்டையும் ஒரே ஜாயின்ல கொண்டு வந்தா 17 வரி வராது, 12 பெருக்கல் 5, அதாவது 60 வரி வரும். இந்த மாதிரி 50 பேர்னா 3,000 வரி. தனித்தனியா எடுத்தா 50ம் 600ம் 250ம் சேர்த்து 900 தான். மூணாவதா இன்னொரு லிஸ்ட்டைச் சேர்த்தா ஜாயின் எங்கேயோ போயிடும்.

இன்னொரு வழி, டேட்டாபேஸையே ஜேசனா கட்டித் தரச் சொல்றது. 2013ல வந்த போஸ்ட்கிரெஸ் 9.3லேர்ந்து 'ஜேசன் ஆக்' இருக்கு. ஒரே நடையில அடுக்கடுக்கா வந்துடும். கைஸ்லின்னு ஒரு அருமையான க்வெரி பில்டர், அதுல இதுக்குன்னே டைப்போட ஹெல்பர் உண்டு. நானும் முதல்ல அதே மாதிரி ஒண்ணு கையால எழுதிப் பார்த்தேன். அங்கதான் இன்னொரு அடி. ஜேசன்ல தேதிங்கிற டைப்பே கிடையாது, ஸ்ட்ரிங்காத்தான் வரும். நான் எழுதின டைப் மட்டும் 'தேதி'ன்னு அடிச்சுச் சொல்லிச்சு. மருந்தோட காலாவதி தேதி இன்னிக்கு விட முந்தினதான்னு பார்க்கிற வரியில, அந்த ஸ்ட்ரிங்கை நம்பராக்கப் பார்த்து ஜாவாஸ்கிரிப்ட் தோத்துப் போய், 'இல்லை'ன்னு பதில் சொல்லும். எந்த மருந்துக்கும் 'இல்லை'. அஞ்சு வருஷம் முன்னாடி காலாவதி ஆன மருந்துக்கும் 'இல்லை'. நல்லவேளை இது என் மெஷின்லேயே மாட்டிக்கிச்சு. பெரிய நம்பருக்கும் இதே கதி. பிக் இன்ட் ஜேசனுக்குள்ள நம்பரா வந்து, 9,007,199,254,740,991 தாண்டினா கடைசி இலக்கங்கள் மாறிப் போகலாம்.

ஜேசன் வழி தப்புன்னு சொல்லலை. அந்த வழியில போனா, வெளியில தேதியா இருக்கிறது உள்ள ஸ்ட்ரிங்னு டைப்பும் ஒத்துக்கணும். இல்லேன்னா டைப் சேஃப்டிங்கிற பேர்ல நாமளே ஒரு புதுப் பொய்யைக் கட்டி வச்சிருப்போம். பழைய பொய்யை விட இது மோசம், ஏன்னா இதை நம்புவோம்.

*

இப்பவும் எல்லாம் தீர்ந்துடலை. நேர்மையா சொல்லிடறேன். 'அலர்ஜி எடுத்தாச்சு'ன்னு டைப் சொல்லும். எல்லா அலர்ஜியையும் எடுத்தாச்சான்னு அதுக்குத் தெரியாது. எவனாவது அந்த க்வெரியில 'கடைசி 5 மட்டும்'னு போட்டா, டைப் அதே டைப்தான். அதுக்கு நாங்க பேரை நம்பறோம். பாதி எடுக்கிற ஃபங்ஷன்னா ஃபீல்டு பேர்லேயே 'சமீபத்திய அலர்ஜி'ன்னு வரணும். அந்தப் பேரைப் பார்த்ததும் எச்சரிக்கை ஃபங்ஷன் வாங்காது. சின்ன வேலைதான், ஆனா இதை மனுஷன்தான் பார்த்துக்கணும்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, ஒழுங்கா ரிவ்யூ பண்ணினா போதாதா?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. என்னோட அந்த மாற்றத்தை ரெண்டு பேர் ரிவ்யூ பண்ணினாங்க. ரெண்டு பேரும் நல்ல ஆளுங்க, என்னை விட அனுபவசாலிங்க. ரிவ்யூவுல இருக்கிறதைத்தான் பார்க்க முடியும். விட்டுப்போனது கண்ணுல படாது. சீட்டுல எழுதாத கடுகு யார் கண்ணுக்குத் தெரியும்? விட்டுப்போனதைத் தேடிக் கண்டுபிடிக்கிறது மனுஷனுக்குக் கஷ்டம், கம்பைலருக்கு அல்வா சாப்பிடுற மாதிரி. அந்த வேலையை அதுகிட்ட குடுக்காம, 'நாங்க கவனமா இருப்போம்'னு சொல்றது எனக்கு வீம்பாத்தான் படுது.

அந்த அக்காகிட்ட அப்புறம் போன்ல மன்னிப்பு கேட்டேன். "உடுங் தம்பி, மிசினு தானுங்களே"ன்னாங்க. மிசினு இல்லைக்கா, நான்தான்னு சொல்ல வாய் வரலை. அவங்க இப்பவும் அலர்ஜியை ஒரு பழைய டைரியில தனியா எழுதி வச்சுக்கறாங்களாம். எங்க சாஃப்ட்வேர் மேல அவங்களுக்கு இருக்கிற மரியாதை அவ்வளவு. அந்த டைரி ஒரு நாள் அவங்களுக்கே வேண்டாம்னு தோணணும், அதுவரைக்கும் எழுதட்டும். நானே எழுதச் சொல்லிட்டேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப இந்தக் கதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். பாதி புரிஞ்சுதா என்னன்னு தெரியலை. எல்லாம் கேட்டுட்டு, "அப்ப அன்னிக்குக் கடையில கடுகு இருந்துச்சாடா?"ன்னு கேட்டாங்க.

இருந்துச்சும்மா.

டிஸ்கி 1: டேமேஜர் இதைப் படிக்க மாட்டார்ங்கிற நம்பிக்கையிலதான் அந்தப் பேரை உபயோகிச்சிருக்கேன். உண்மையில தங்கமான மனுஷன். விடிய விடிய கூட உட்கார்ந்து ஒத்துப் பார்த்தாரே!

டிஸ்கி 2: உங்க ப்ராஜெக்ட்ல 'இல்லேன்னா காலி லிஸ்ட்'னு எத்தனை இடத்துல இருக்குன்னு நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு தடவை தேடிப் பாருங்க. ஒவ்வொண்ணுலேயும் அந்த 'இல்லை' நிஜமான இல்லையா, எடுக்காத இல்லையான்னு கேளுங்க. எங்ககிட்ட முப்பத்தொண்ணு இருந்துச்சு.